மாதாமாதம் வராத செலவு

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மாமா எழுதுகிறேன். 22,000 ரூபாய் கைக்கு வந்தும் இருபதாம் தேதிக்கு மேல் எதுவும் நிற்கவில்லை, எங்கே போகிறதென்றே தெரியவில்லை என்று போனில் சொன்னாய். சொல்லும்போது உன் குரல் இறங்கிப்போனதுதான் எனக்குத் தாங்கவில்லை. ஒரகடத்தில் ஷிஃப்ட் மாறி மாறி நின்று வேலை பார்த்து, சம்பளம் விழுந்த அன்றே வீட்டுக்கு அனுப்புகிற பிள்ளை நீ. உன்னை யாரும் ஊதாரி என்று சொல்ல முடியாது.

நீ சொன்னதை எழுதிப் பார்த்தேன். வீட்டுக்கு 6,000. ரூம் வாடகையில் உன் பங்கு, கரண்டோடு சேர்த்து 3,500. மெஸ் 4,500. பெட்ரோலும் ரீசார்ஜும் 1,800. ஆக 15,800 போக 6,200 மிச்சம் இருக்க வேண்டும். டீயைக் குறை, சினிமாவைக் குறை என்று சொல்ல ஆள் நிறைய உண்டு; நான் சொல்லப் போவதில்லை. உன் ஓட்டை அங்கே இல்லை.

மாதக் கணக்கைக் கவிழ்ப்பது மாதாமாதம் வராத செலவுதான். தீபாவளிக்கு ஊருக்கு வர, எல்லோருக்கும் துணி எடுக்க 12,000. பொங்கலுக்கு 4,000. குலதெய்வம் கோயில் கொடைக்கு 4,000. தங்கச்சி காலேஜ் ஃபீஸில் நீ ஏற்றுக்கொண்டது 15,000. பைக் இன்சூரன்ஸ், சர்வீஸ் 5,000. மொய் 8,000. கூட்டு: 48,000. பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 4,000. உன் கையில் நிற்பதாக நீ நினைக்கிற 6,200-ல் 4,000-க்கு முன்னாலேயே ஆள் இருக்கிறது. உண்மையில் உன்னிடம் மிஞ்சுவது 2,200. இது தெரியாமல்தான் நல்ல மாதத்தில் தாராளமாக இருக்கிறாய், ஐப்பசி வந்ததும் கார்டைத் தேய்க்கிறாய்.

மொய்யைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் உன் வயசுப் பிள்ளைகள் அதைத் திடீர்ச் செலவு என்று நினைக்கிறீர்கள். நம் பக்கம் மொய் திடீரென்று வருவதே இல்லை. உன் அம்மா பீரோவில் மொய் நோட்டு இருக்கிறது. உன் அக்கா கல்யாணத்துக்கு யார் யார் எவ்வளவு செய்தார்கள் என்று ஊர்வாரியாக அதில் எழுதியிருக்கிறோம். அதில் இருக்கிற ஒவ்வொரு பெயரும் நாம் திருப்பிச் செய்ய வேண்டிய கடன், வாங்கியதற்குமேல் கொஞ்சம் கூட்டி. எந்த வீட்டில் பெண் கல்யாண வயசில் இருக்கிறது, எந்த வீட்டில் காதுகுத்து வருகிறது என்பது உன் அம்மாவுக்கு அத்துபடி. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளோடு உட்கார்ந்து, இந்த வருஷம் எந்தெந்த வீடு என்று குறித்துக்கொள். ஆடியிலும் மார்கழியிலும் நம் பக்கம் கல்யாணம் இல்லை. வைகாசி, ஆவணி, தை மாதங்களில்தான் பத்திரிகை குவியும். எந்த மாதம் எவ்வளவு என்பது ஏறக்குறைய முன்கூட்டியே தெரிந்துவிடும். செய்முறையை விட்டுவிடு என்று யாராவது சொன்னால் கேட்காதே. நாளைக்கு தங்கச்சி கல்யாணத்தில் வந்து நிற்பது அந்த உறவுதான்.

அந்த 4,000-ஐ சம்பளக் கணக்கிலேயே விட்டால் கரைந்துவிடும். போஸ்ட் ஆபீஸில் ஒரு சேமிப்புக் கணக்கு திற. 500 ரூபாய் போதும். 4 சதவீத வட்டி பெரிதில்லைதான். ஆனால் ஜிபே, போன்பே எதிலும் அதை இணைக்காதே. எடுக்க வேண்டுமென்றால் எழுந்து போக வேண்டும், அந்தச் சிரமம்தான் நமக்கு வேண்டியது. ஒன்றாம் தேதியே, வீட்டுக்கு அனுப்பும்போதே, இதையும் போட்டுவிடு.

மிச்ச 2,200-க்கு வருவோம். முதலில் அந்த கிரெடிட் கார்டு. 'மினிமம் டியூ', அதாவது பில்லில் குறைந்தபட்சம் கட்டச் சொல்லும் தொகையைக் கட்டுகிறேன், அதனால் பிரச்சினை இல்லை என்றாய். பிரச்சினை இருக்கிறது. பாக்கிக்கு மாதம் மூன்று, மூன்றரை சதவீதம் ஓடினால் வருஷத்துக்கு நாற்பது சதவீதத்தைத் தொடும். முழுசாகக் கட்டாதவரை புதிதாக வாங்குவதற்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஏறும். பாக்கி தீரும்வரை கார்டை ஊரில் அம்மாவிடம் கொடுத்து வை, மாதம் 1,500 அதற்கே போகட்டும்.

அது தீர்ந்த மறுமாதமே போஸ்ட் ஆபீஸ் ஆர்.டி.யில், அதாவது மாதாமாதம் ஒரே தொகை கட்டிச் சேர்க்கும் கணக்கில், 1,000 ரூபாய் ஆரம்பி. ஐந்து வருஷக் கணக்கு அது. 2023 அக்டோபரில் வட்டி 6.7 சதவீதம் ஆனது. அந்த வட்டியில் நீ போடும் 60,000 முடிவில் 71,000-க்கு மேல் வரும். பன்னிரண்டு தவணை ஒழுங்காகக் கட்டிவிட்டால், அவசரத்துக்குக் கணக்கில் இருப்பதில் பாதிவரை கடனாக எடுக்கலாம். அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போனால் கந்துவட்டிக்காரன் வாசலில் நிற்க வேண்டியதில்லை. எனக்கு அதுதான் முக்கியம்.

இன்னொன்று. கம்பெனி மாறப் போவதாகவும், பி.எஃப். பணத்தை எடுத்து புது போன் வாங்கப் போவதாகவும் உன் தங்கச்சி சொன்னாள். கம்பெனி மாறு, நல்லது. பி.எஃப்.பில் கை வைக்காதே. உன் அடிப்படைச் சம்பளத்தில் 12 சதவீதம் பிடிக்கிறார்கள், கம்பெனியும் அதே 12 போடுகிறது, அதில் 8.33 பென்ஷனுக்குப் போகிறது. 2024-25-க்குக் கொடுத்த வட்டி 8.25 சதவீதம், நீ வேறெங்கே போட்டாலும் இவ்வளவு பத்திரமாக இந்த வட்டி கிடைப்பது கஷ்டம். பத்து வருஷ சர்வீஸ் சேர்ந்தால்தான் பென்ஷன் உரிமை. பென்ஷன் பணத்தையும் சேர்த்து எடுத்துவிட்டால் சர்வீஸ் கணக்கு திரும்ப முதலிலிருந்து. கம்பெனி மாறினாலும் மாறாத உன் பி.எஃப். எண்ணான யு.ஏ.என். நம்பரைப் புது கம்பெனியில் கொடுத்து, பழைய கணக்கை அதில் மாற்றிவிடு.

இத்தனைக்கும் பிறகு உன் கைச்செலவுக்கு, கார்டு பாக்கி தீரும்வரை 700, தீர்ந்தபின் ஆயிரம் சொச்சம்தான் மிஞ்சும். இழுபறியாகத்தான் இருக்கும் என்று எனக்குத் தெரியும். வீட்டுக்கு அனுப்புவதில் ஓராயிரம் குறைக்க முடியுமா என்று உன் அம்மாவிடம் நானே பேசுகிறேன். நீ கேட்கத் தயங்குவாய். வைகாசிக்குள் மொய் நோட்டிலிருந்து பட்டியலை எடுத்து எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பு. பெரியகுளத்து வீட்டுக்கு நாம் எவ்வளவு செய்ய வேண்டும் என்பதில் உன் அம்மாவுக்கும் எனக்கும் கணக்கு இடிக்கிறது, அதையும் பார்த்துச் சொல்.

அன்புடன்,
மாமா