தாழ்த்திய காரும் காணாமல் போன இடைவெளியும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கார் சஸ்பென்ஷனை, அதாவது சக்கரத்துக்கும் வண்டியின் உடலுக்கும் நடுவில் இருக்கும் ஸ்பிரிங், ஷாக் அமைப்பை, மாற்றுவது பற்றி உங்கள் வாகனப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். சொகுசா, வளைவில் பிடிப்பா, ஏதாவது ஒன்றைத்தான் வைத்துக்கொள்ள முடியும் என்று அதில் முடித்திருந்தீர்கள். நான் வீல் அலைன்மென்ட், அதாவது சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்யும் வேலை பார்ப்பவன். வெளியே வாங்கிய சஸ்பென்ஷனை மாட்டிய வண்டிகளை அடியில் நின்று பார்ப்பதுதான் என் பிழைப்பு. என்னிடம் வருகிறவற்றில் பாதிக்கு மேல் இரண்டையும் சேர்த்தே தொலைத்த வண்டிகள். ஸ்பிரிங் கடினமாகிவிட்டது என்றுதான் எல்லோரும் பழி போடுகிறார்கள். நான் பார்த்தவரை, சக்கரம் மேலே ஏறுவதற்கு இருந்த இடைவெளியைப் பறிகொடுத்ததுதான் காரணம்.

ஸ்பிரிங்கின் ஆட்டத்தை அடக்கும் குழாய்தான் ஷாக் அப்சார்பர். அதன் தண்டில், மேல் முனைக்குப் பக்கத்தில், பம்ப் ஸ்டாப் என்று ஒரு நுரைக் கட்டை இருக்கும். சக்கரம் ரொம்ப மேலே ஏறினால் ஷாக்கின் உடல் வந்து முட்டுவது இதில்தான். கம்பெனியிலிருந்து வந்தபடியே இருக்கும் வண்டியில், பெரிய பள்ளத்தில் விழுந்தாலோ, முழுப் பாரத்தோடு போனாலோதான் அதற்கு வேலை. ஷாக்கை மாற்றாமல் குட்டையான ஸ்பிரிங்கை மட்டும் போட்டு வண்டியை 40 மில்லிமீட்டர் இறக்கினால், மேலே ஏற இருந்த தூரத்தில் அந்த 40 அப்படியே போய்விடும். முதலில் 80 இருந்தது என்றால் இப்போது பாதி. சின்ன மேட்டுக்கே சக்கரம் கட்டையில் முட்டும். ஓட்டுகிறவர் "ஸ்பிரிங் ரொம்ப ஸ்டிஃப்பா இருக்கு" என்பார். கழற்றிப் பார்த்தால் கட்டை ஒரு பக்கம் நசுங்கி, தண்டோடு உரசிய இடம் வழவழவென்று தேய்ந்திருக்கும்.

வளைவிலும் இதே கதைதான். வண்டி சாயும்போது வெளிப்பக்க முன்சக்கரம் அமுங்கி கட்டையைத் தொடுகிறது. கட்டை நசுங்க நசுங்க அந்த மூலையின் விறைப்பு பல மடங்கு ஏறுகிறது. அந்த ஒரு டயர் மேல் சட்டென்று பாரம் விழுந்து பிடிப்பு குறைய, வண்டியின் மூக்கு வளைவை விட்டு வெளியே போகிறது. இறக்கியதே வளைவுக்காகத்தானே!

முன்பக்கம் மேக்ஃபெர்சன் ஸ்ட்ரட் (ஷாக்கே சக்கரத்தை மேலே தாங்கிப் பிடிக்கும் அமைப்பு) உள்ள வண்டிகளில் இன்னொரு சிக்கலும் சேரும். அதிகம் இறக்கினால், சக்கரத்தைக் கீழே வண்டியோடு இணைக்கும் லோயர் ஆர்ம் படுத்துவிடும், சில வண்டிகளில் வெளிமுனை மேல்நோக்கியே திரும்பிவிடும். அப்போது வண்டியின் எடை மையம் இறங்கியதைவிட, அது எதைச் சுற்றிச் சாய்கிறதோ அந்தப் புள்ளி அதிகமாக இறங்கிவிடுகிறது. புது ஸ்பிரிங்கின் விறைப்பு அதை ஈடுகட்டாவிட்டால், தாழ்ந்த வண்டி முன்பைவிட அதிகமாகவே சாயும்.

இதைச் சோதிக்க மெஷின் எதுவும் வேண்டாம். ஷாக்கின் தண்டு வெளியே தெரிகிற வண்டியாக இருந்தால், அதில் ஒரு கேபிள் டையை (வயர் கட்டும் பிளாஸ்டிக் பட்டை) நழுவும் அளவுக்கு இறுக்கி, ஷாக்கின் உடலைத் தொடும்படி கீழே தள்ளிவிடுங்கள். வழக்கமாகப் போகிற வழியில், வழக்கமான பாரத்தோடு ஓட்டிவிட்டு வந்து பாருங்கள். டை எவ்வளவு மேலே ஏறியிருக்கிறதோ அவ்வளவு அமுங்கியிருக்கிறது. கட்டையை ஒட்டிப் போய் நின்றிருந்தால், என்ன விலை கொடுத்து வாங்கிய ஸ்பிரிங்காக இருந்தாலும் உங்கள் வண்டிக்கு அது குட்டை.

ஸ்பிரிங்கைக் கொஞ்சம் கடினமாக்குவதைப் பற்றி உங்கள் கட்டுரை பயமுறுத்திய அளவுக்குப் பயப்படத் தேவையில்லை. சாதாரணக் குடும்பக் காரின் உடல் நொடிக்கு ஒன்று முதல் ஒன்றரை தடவை மேலும் கீழும் ஆடும். ஸ்பிரிங்கை 40 சதவீதம் கடினமாக்கினாலும் இந்த ஆட்டம் ஏறுவது 18 சதவீதம்தான், 1.3 என்பது 1.5 ஆகும், அவ்வளவுதான். உட்கார்ந்திருக்கும் மனித உடம்பைப் படுத்துவது நொடிக்கு 4 முதல் 8 தடவை வரும் அதிர்வு. அந்தக் குலுக்கலை உள்ளே விடுவதில் பம்ப் ஸ்டாப்புக்கும் பொருந்தாத ஷாக்குக்கும்தான் பெரிய பங்கு. ஆனால் முன்னால் மட்டும் மாற்றிவிட்டுப் பின்னால் விடாதீர்கள். 1930களில் கெடிலாக்கில் இருந்த மோரிஸ் ஆலி என்ற பொறியாளர் சோதித்துச் சொன்ன விஷயம் இது: பின்பக்கத்தின் ஆட்டம் முன்பக்கத்தைவிடச் சற்று வேகமாக இருக்க வேண்டும். மேட்டில் முதலில் ஏறுவது முன்சக்கரம். பின்னால் கிளம்பும் ஆட்டம் ஓடிவந்து முன்னதோடு சேர்ந்துகொண்டால்தான் வண்டி தலையாட்டுவது சீக்கிரம் அடங்கும்.

ஷாக்கில் விறைப்பைக் கூட்டிக் குறைக்கும் திருகு இருந்தால் அதை முழுக்க இறுக்குவதுதான் ஸ்போர்ட் என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலான திருகுகள் அதிகம் மாற்றுவது ஷாக் விரியும்போது காட்டும் தடையைத்தான். அதை அளவுக்கு மீறி இறுக்கினால், அமுங்கிய சக்கரம் அடுத்த மேடு வருவதற்குள் திரும்பிக் கீழே இறங்காது. வரிசையாக மேடுகள் வந்தால் வண்டி படிப்படியாக அமுங்கிக்கொண்டே போய், கடைசியில் மறுபடியும் அதே கட்டை. நடுவில் வைத்து ஆரம்பியுங்கள். ஒரு மேட்டைத் தாண்டியதும் உடல் ஒரே மூச்சில் அடங்கினால் போதும், அதற்கு மேல் திருகாதீர்கள்.

என்னைக் கேட்டால், முதலில் டயர் காற்றையும் தேய்ந்த புஷ்களையும் (மூட்டுகளில் உள்ள ரப்பர்கள்) பாருங்கள். அப்புறம், உயரம் மாறாமல் நல்ல ஷாக் நாலையும் போடுங்கள். பலருக்கு இதோடு ஆசை தீர்ந்துவிடும். இன்னும் சாய்கிறது என்றால், இடது, வலது சக்கரங்களை இணைத்துச் சாய்வைக் குறைக்கும் கம்பியான ஆன்ட்டி ரோல் பாரைச் சற்றே தடித்ததாகப் போடுங்கள். இரண்டு சக்கரமும் சேர்ந்து ஏறும் மேட்டில் அது குறுக்கே வராது, ஒரு பக்கம் மட்டும் வரும் பள்ளத்தில் கொஞ்சம் உலுக்கும். ஸ்பிரிங்கைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். வாங்கினால், இறங்கும் உயரத்துக்கு ஏற்ற குட்டை உடல் ஷாக்கோடு சேர்த்து வாங்குங்கள். பழைய ஸ்பிரிங்கை வெட்டி இறக்குகிறேன் என்பவரிடம் சாவியைக் கொடுக்காதீர்கள். சக்கரம் முழுதாகத் தொங்கும்போது வெட்டிய ஸ்பிரிங் தான் உட்கார்ந்திருக்கும் தட்டை விட்டு நழுவிவிடலாம்.

மாட்டுகிறவர்கள் பலர் செய்யாத ஒன்று உண்டு. லோயர் ஆர்ம் புஷ்ஷின் போல்ட்டை, வண்டி தூக்கி நிற்க, சக்கரம் தொங்கிக்கொண்டிருக்கும்போதே முறுக்கிவிடுகிறார்கள். ரப்பர் அந்த நிலையிலேயே பிடிபட்டுவிடுகிறது. வண்டியை இறக்கியதும் முறுக்கிக்கொண்டு, நாள் முழுக்க அப்படியே நின்று, சீக்கிரம் கிழிகிறது. அதுவரை ஒரு வேண்டாத ஸ்பிரிங் போல விறைப்பையும் கூட்டுகிறது. வண்டி தன் எடையில் நிற்கும்போதுதான் கடைசி முறுக்கு. ஆர்மை ஜாக்கில் அந்த உயரத்துக்குத் தூக்கி முறுக்கினாலும் சரி. அதன் பிறகு அலைன்மென்ட் (சொந்த வியாபாரம் என்று நினைக்க வேண்டாம், டயர் உங்களுடையது), ஹெட்லைட்டின் கோணம், முன்கண்ணாடியில் கேமரா உள்ள வண்டிகளில் அதன் அளவுத்திருத்தம் (கேலிப்ரேஷன்), இவற்றையும் பாருங்கள்.

ஒரு வேண்டுகோள். அடுத்த முறை சஸ்பென்ஷன் செட்டுகளை ஒப்பிட்டு எழுதினால், எத்தனை மில்லிமீட்டர் இறங்குகிறது என்பதோடு, இறங்கிய பிறகு பம்ப் ஸ்டாப்பைத் தொட எவ்வளவு மீதி இருக்கிறது என்பதையும் ஒவ்வொரு சக்கரத்திலும் அளந்து போடுங்கள். நான் பார்த்த பெட்டிகளில் முதல் எண் பெரிதாக அச்சாகியிருக்கிறது. இரண்டாவது எண்ணைக் கேட்டால் விற்கிறவரே முழிக்கிறார்.

இப்படிக்கு,
அலைன்மென்ட் மெக்கானிக், உங்கள் வாசகர்