முதலில் கிரீஸ், அப்புறம் கியர்பாக்ஸ்

அன்பு மகளுக்கு,

உன் பழைய எம்ஜிபி காரில் மாற்ற வேண்டும் என்று நீ அனுப்பிய பட்டியலை நானும் அம்மாவும் சேர்ந்து படித்தோம். ஐந்து கியர் உள்ள பெட்டி, வெபர் கார்ப்புரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலந்து கொடுக்கும் பாகம்), வண்டியைத் தாழ்த்தும் ஸ்பிரிங், அதற்கு மேல் புது பெயிண்ட். போனில் பேசினால் பாதியில் உனக்கு வேறு அழைப்பு வந்துவிடும். அதனால் எழுதியே அனுப்புகிறேன். கேரேஜ் சுவரில் ஒட்டி வைத்துக்கொள்.

இங்கிலாந்தில் எத்தனையோ பழைய ஸ்போர்ட்ஸ் கார்கள் இருக்க, நீ எம்ஜிபியைத் தேர்ந்தெடுத்ததில் எனக்குத் தனி மகிழ்ச்சி. வீடியோவில் போனெட்டைத் திறந்து காட்டினாயே, பார்த்தவுடனே எனக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. மதுரையில் உன் சின்னத் தாத்தா ஒர்க்‌ஷாப்பில் பள்ளி விடுமுறை முழுக்க நான் துடைத்துக் கொடுத்த அம்பாசடர் எஞ்சினும் இதே பிஎம்சி நிறுவனத்தின் பி சீரிஸ் குடும்பம்தான். அதில் 1489 சிசி, உன் வண்டியில் 1798 சிசி. புஷ் ராடு, ராக்கர் ஷாஃப்ட், ஒரே பக்கமாக அமைந்த இன்லெட்டும் எக்ஸாஸ்ட்டும், எல்லாம் அப்படியே. ஆக்ஸ்ஃபோர்டுக்குப் பக்கத்தில் ஆபிங்டனில் 1962 முதல் 1980 அக்டோபர் வரை ஐந்து லட்சத்துக்கும் மேல் எம்ஜிபிகளைச் செய்தார்கள். அதனால்தான் இன்றைக்கும் ஏறக்குறைய ஒவ்வொரு பாகமும் புதிதாகக் கிடைக்கிறது. இந்த வசதியே ஒரு ஆபத்தும்கூட. கேட்லாக்கைத் திறந்தால் எல்லாவற்றையும் மாற்றத் தோன்றும்.

உன் பட்டியலில் எனக்கு ஒரு விஷயம் உறுத்தியது. நீ மாற்ற நினைக்கும் ஒவ்வொன்றுக்குப் பின்னாலும் வண்டியில் ஏதோ ஒரு குறை ஒளிந்திருக்கிறது. ஓவர்டிரைவ் (வேகமாகப் போகும்போது எஞ்சின் சுற்றைக் குறைக்கும் கூடுதல் கியர்) வேலை செய்யவில்லை, அதனால் ஐந்து கியர். நிற்கும்போது எஞ்சின் உதறுகிறது, அதனால் வெபர். வளைவில் ஆடுகிறது, அதனால் புது ஸ்பிரிங். காய்ச்சல் என்ன என்று பார்க்காமல் சட்டையை மாற்றுவது போன்றது இது. மாற்றாதே என்று நான் சொல்லவில்லை. ஆபிங்டனில் இருந்து வந்தபோது வண்டி எப்படி ஓடியதோ, முதலில் அந்த நிலைக்குக் கொண்டு வா. ஒரு கோடைக்காலம் அப்படியே ஓட்டு. அப்புறமும் மனம் கேட்கவில்லை என்றால் ஒவ்வொன்றாக மாற்று. இரண்டை ஒரே நாளில் மாற்றினால், நல்லதோ கெட்டதோ, எதனால் வந்தது என்று உன்னால் கண்டுபிடிக்க முடியாது.

கியர்பாக்ஸில் இருந்து ஆரம்பிக்கிறேன். எம்ஜிபியில் கியர்பாக்ஸை மட்டும் கீழே இறக்க முடியாது, எஞ்சினும் வெளியே வர வேண்டும். அவ்வளவு பெரிய வேலை. ஆனால் ஓவர்டிரைவ் வராமல் போவதற்குப் பெரும்பாலும் வயர்தான் காரணம். முதலில் கியர்பாக்ஸ் எண்ணெய் மட்டத்தைப் பார். கியர்பாக்ஸுக்கும் ஓவர்டிரைவுக்கும் ஒரே எண்ணெய்தான், அதுவும் எஞ்சினுக்கு ஊற்றும் அதே 20டபிள்யூ50. கியர் எண்ணெய் என்று விற்கும் கெட்டியான இபி எண்ணெயைத் தெரியாமல்கூட ஊற்றிவிடாதே, ஓவர்டிரைவுக்கு ஆகாது. அடுத்து சுவிட்சில் இருந்து கியர்பாக்ஸின் மேலுள்ள சிறிய தடுப்பு சுவிட்ச் வரைக்கும், அங்கிருந்து ஓவர்டிரைவை இயக்கும் சோலனாய்டு வரைக்கும் மின்சாரம் போகிறதா என்று டெஸ்ட் விளக்கால் பார். மூன்றாவது, நான்காவது கியரில் மட்டும்தான் அந்தத் தடுப்பு சுவிட்ச் மின்சாரத்தை விடும். அதன் முனைகளில் துரு ஏறியிருந்தாலே போதும், ஓவர்டிரைவ் செத்துவிட்டது என்று நினைத்துக்கொள்வோம். அது வேலை செய்ய ஆரம்பித்தால் மோட்டார்வேயில் மணிக்கு 70 மைலில் எஞ்சின் நிமிடத்துக்குச் சுமார் 3900 சுற்றில் இருந்து 3200-க்கு இறங்கும். ஐந்து கியர் பெட்டியில் நீ தேடுவதும் இதைத்தானே.

சரி, உதறல். அதற்கு வண்டியோடு வந்த எஸ்யூ கார்ப்புரேட்டரைத் திட்டுவது எல்லோருக்கும் பழக்கம். கார்ப்புரேட்டரைக் கடைசியில்தான் தொட வேண்டும் என்பதைச் சின்னத் தாத்தா ஒர்க்‌ஷாப்பில் சட்டமாகவே வைத்திருந்தார். முதலில் டாப்பெட், அதாவது வால்வு இடைவெளி. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது 0.015 அங்குல இடைவெளி. எட்டு வால்வுக்கும் ஒரு சுலபமான கணக்கு இருக்கிறது: எந்த வால்வு முழுதாக அழுந்தித் திறந்திருக்கிறதோ, அதன் எண்ணை ஒன்பதில் இருந்து கழி. மிச்சம் வரும் எண்ணுள்ள வால்வின் இடைவெளியை அப்போது சரிசெய். எட்டாவது திறந்திருந்தால் முதலாவது, ஆறாவது திறந்திருந்தால் மூன்றாவது. அம்பாசடருக்கும் இதே கணக்குதான். அப்புறம் ஸ்பார்க் பிளக், அப்புறம் பிளாட்டினம் பாயிண்ட் 0.015 அங்குலம், அப்புறம் டைமிங், அதாவது பொறி விழும் நேரம். இவ்வளவும் முடிந்த பிறகே எஸ்யூ.

இரண்டு எஸ்யூவும் ஒரே அளவு காற்றை இழுக்கும்படி சமப்படுத்து. கார்ப்புரேட்டரின் உச்சியில் இருக்கும் டேஷ்பாட்டின் மூடியைக் கழற்றி எண்ணெய் இருக்கிறதா பார், பலர் இதை வருஷக்கணக்கில் மறந்துவிடுவார்கள். எஞ்சின் சூடானதும், அடியில் இருக்கும் பின்னை அழுத்திப் பிஸ்டனை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாகத் தூக்கு. வேகம் ஏறி அங்கேயே நின்றால் பெட்ரோல் அதிகம். எஞ்சின் அணைந்து போனால் பெட்ரோல் குறைவு. லேசாக ஏறிப் பழைய நிலைக்கு வந்தால் சரியாக இருக்கிறது. இதற்குக் கம்ப்யூட்டர் வேண்டாம், காது போதும். உனக்குச் சின்ன வயதில் இருந்தே நல்ல காது. எத்தனை சரிசெய்தாலும் நிலைக்கவில்லை என்றால் காற்றுக் கதவைத் திருப்பும் திராட்டில் ஸ்பிண்டில் தேய்ந்து காற்று உள்ளே இழுக்கிறது என்று பொருள். அதற்குத் தனி மருத்துவம் உண்டு. நல்ல நிலையில் உள்ள இரட்டை எஸ்யூவைக் கழற்றி வெபர் போடுவது பந்தயப் பாதைக்குப் போகிறவர்கள் செய்ய வேண்டியது. தெருவில் ஓட்டும் உனக்கு அது தேவையில்லை என்பது என் உறுதியான எண்ணம்.

ஸ்பிரிங் விஷயத்திலும் கொஞ்சம் வரலாறு தெரிந்தால் நல்லது. 1974-இன் கடைசியில் அமெரிக்காவின் பம்பர் விதிகளுக்காகக் கறுப்பு ரப்பர் பம்பர் மாட்டி வண்டியை ஓர் அங்குலத்துக்கு மேல் உயர்த்தினார்கள். அந்த வண்டிகளைத்தான் ஆட்கள் தாழ்த்துகிறார்கள். உன்னுடையது 1971, குரோம் பம்பர். அது ஏற்கெனவே சரியான உயரத்தில்தான் நிற்கிறது. ஆட்டத்துக்குக் காரணம் வேறு. முன்னால் இருக்கும் லீவர் ஷாக் அப்சார்பரில் எண்ணெய் குறைந்திருக்கும். அதன் கைதான் சஸ்பென்ஷனின் மேல் கையாகவும் வேலை செய்கிறது, அதனால் அது தளர்ந்தால் சக்கரமே தளரும். கூடவே கிங் பின், அதாவது முன் சக்கரம் திரும்பும் அச்சு. பக்கத்துக்கு மூன்று கிரீஸ் நிப்பிள் இருக்கும். 3000 மைலுக்கு ஒரு முறை அடிக்க வேண்டும். சக்கரம் தரையைத் தொடாதபடி தூக்கி வைத்து அடித்தால்தான் கிரீஸ் தேவையான இடத்துக்குப் போகும். பழைய அழுக்கு பிதுங்கி வெளியே வந்து புது கிரீஸ் தெரியும்வரை அடி.

சஸ்பென்ஷனில் ஒரு மாற்றத்துக்கு மட்டும் எனக்கு இப்போதே சம்மதம். எம்ஜி நிறுவனமே 1973 முதல் 1976 வரை ரோவரின் 3528 சிசி வி8 எஞ்சினைப் போட்டு கூரையுள்ள 2591 ஜிடி வண்டிகளைச் செய்தது. அந்த வி8-இல் முன் சக்கரத்தைத் தாங்கும் கையான விஷ்போனுக்குப் போட்ட ரப்பர் புஷ் உன் வண்டிக்கும் அப்படியே பொருந்தும். விலை குறைவு, ஸ்டீயரிங் தெளிவாகும், வேண்டாமென்றால் பழையதற்குத் திரும்பலாம். எந்த மாற்றத்துக்கும் எனக்கு இதுதான் அளவுகோல்: உடலை வெட்டாமல், ஓட்டை போடாமல், திரும்பிப் போகக்கூடியதாக இருக்க வேண்டும்.

மின்சாரத்தில் நீ தாராளமாகக் கை வைக்கலாம். ஹெட்லைட் வயருக்கு அந்தக் காலத்தில் ஃபியூஸே போடவில்லை. முழு மின்சாரமும் டேஷ்போர்டு சுவிட்ச் வழியாக ஓடுகிறது. இரண்டு ரிலேயும் (சுவிட்சுக்குப் பதில் முழு மின்சாரத்தையும் தாங்குபவை) ஃபியூஸும் போட்டால் சுவிட்சும் பிழைக்கும், வெளிச்சமும் கூடும். வயரின் நிறங்களை மனப்பாடம் செய்: பழுப்பு எப்போதும் உயிரோடு இருக்கும், வெள்ளை சாவி போட்டால் வரும், பச்சை ஃபியூஸுக்குப் பிறகு சாவியோடு வரும், ஊதா ஃபியூஸோடு எப்போதும் இருக்கும், கறுப்பு எர்த். பழைய வண்டியின் மின்கோளாறு பாதிக்கு மேல் எர்த்தில்தான் இருக்கும். ஒவ்வொரு கறுப்பு வயரின் முனையையும் கழற்றி உப்புத்தாளால் தேய்த்து மாட்டு. இருக்கைக்குப் பின்னால் பலகைக்கு அடியில் இரண்டு ஆறு வோல்ட் பேட்டரி இருக்கும், வயரைத் தொடும் முன் அதன் இணைப்பைக் கழற்று. எலக்ட்ரானிக் இக்னிஷனும் போடலாம். ஆனால் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் வேகத்துக்கேற்பப் பொறியை முன்கூட்டி விழவைக்கும் அட்வான்ஸ் எடைகள் துருப்பிடித்துச் சிக்கியிருந்தால் எந்த எலக்ட்ரானிக்ஸும் அதைச் சரிசெய்யாது. அதைச் சுத்தம் செய்து எண்ணெய் விட்டபின் போடு. பழைய பாயிண்டையும் கண்டன்சரையும் டிக்கியில் வைத்துக்கொள்.

பெயிண்டைப் பற்றி எழுதவே எனக்குப் பயமாக இருக்கிறது. எம்ஜிபிக்குத் தனியாக சேஸ் கிடையாது, உடலே எலும்பு. அதுவும் மேலே கூரை இல்லாத ரோட்ஸ்டரில் கதவுக்குக் கீழே ஓடும் சில்தான் வண்டியைத் தாங்குகிறது. ஒரு சின்ன காந்தத்தைத் துணியில் சுற்றி சில் நெடுகிலும் வைத்துப் பார். ஒட்டாத இடத்தில் பட்டி பூசியிருக்கிறார்கள். கதவுக்கும் பின் விங்குக்கும் நடுவே உள்ள இடைவெளி மேலே குறுகிக் கீழே விரிந்திருந்தால் உடல் தொய்ந்திருக்கிறது. சில்லை மாற்ற நேர்ந்தால் கதவு வாசலுக்குக் குறுக்கே இரும்புச் சட்டம் வைத்து வெல்டு செய்த பிறகுதான் பழைய இரும்பை வெட்ட வேண்டும். இல்லாவிட்டால் கதவு மறுபடி மூடவே மூடாது. இதை நீ செய்யாதே, இந்த வண்டியில் கை தேர்ந்த டிங்கரிடம் கொடு. பெயிண்ட் அதற்கெல்லாம் பிறகு.

ஸ்பேனர் வாங்கிவிட்டாயா? வீட்டில் இருக்கும் மில்லிமீட்டர் செட் உதவாது. அங்குல அளவுள்ள ஏஎஃப் செட் வேண்டும். மில்லிமீட்டர் ஸ்பேனரைப் போட்டால் நட்டின் மூலை மழுங்கிவிடும்.

இனி சொல்வதில் எனக்கு விட்டுக்கொடுக்க மனமில்லை. வெறும் ஜாக்கை நம்பி வண்டிக்கு அடியில் போகாதே. ஆக்ஸில் ஸ்டாண்டு இரண்டு பக்கமும் வைத்து, வண்டியைக் கையால் அசைத்துப் பார்த்த பிறகே தலையை நீட்டு. உன் வண்டியில் பிரேக்குக்கு ஒரே ஹைட்ராலிக் வழிதான், ஒரு ஹோஸ் வெடித்தால் நான்கு சக்கரத்திலும் பிரேக் போய்விடும். மூன்று பிரேக் ஹோஸையும் புதிதாக மாற்று, பிரேக் எண்ணெயையும் முழுக்க மாற்று. பெட்ரோல் ஹோஸும் அப்படித்தான். 2021-இல் இருந்து இங்கே பங்க்கில் கிடைக்கும் சாதாரண பெட்ரோல் இ10, அதாவது பத்து சதவீதம் வரை எத்தனால் கலந்தது. அதிலுள்ள எத்தனால் பழைய ரப்பரைக் கரைக்கும். எத்தனாலைத் தாங்கும் ஆர்9 என்று அச்சிட்ட ஹோஸ் வாங்கு, எத்தனால் குறைந்த இ5 ஆகக் கிடைக்கும் சூப்பர் பெட்ரோல் போடு. கார்ப்புரேட்டருக்கு நேர் கீழே எக்ஸாஸ்ட் இருக்கிறது, ஒரு சொட்டு வடிந்தாலும் பொறுக்காதே. சாவியைப் போட்டதும் பெட்ரோல் பம்ப் சில முறை டிக் டிக் என்று அடித்து நிற்க வேண்டும். நிற்காமல் அடித்தால் பெட்ரோல் எங்கோ கசிகிறது, அல்லது டேங்க் காலி.

நாற்பது வயது தாண்டிய வண்டிக்கு எம்ஓடி என்னும் வருடாந்திரத் தகுதிச் சோதனை கட்டாயமில்லை என்று 2018-இல் விதி வந்தது உனக்குத் தெரியும். இருந்தாலும் நீயே கேட்டு ஒரு சோதனை செய்துகொள். உன் கண்ணுக்குத் தப்பியதை இன்னொரு கண் பார்க்கட்டும். எந்த மாற்றம் செய்தாலும் இன்ஷூரன்ஸ்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவிடு.

அடுத்த மாத பேங்க் ஹாலிடேக்கு நாங்கள் ஷெஃபீல்டு வருகிறோம். கிரீஸ் கன்னும் ஃபீலர் கேஜும் நான் எடுத்து வருகிறேன், அதை வாங்காதே. அதற்குள் ஓவர்டிரைவ் வயரை மட்டும் நீயே சோதித்து, எந்த இடத்தில் மின்சாரம் நிற்கிறது என்று எழுதி அனுப்பு. பிரேக் ஹோஸ்களை வாங்கி வை, சேர்ந்தே மாட்டுவோம். அதுவரை ஸ்னேக் பாஸ் மலைப்பாதைப் பக்கம் இந்த வண்டியை எடுத்துப் போகாதே. ஊருக்குள்ளும் வேண்டாம்.

அன்புடன்,
அப்பா