ஓய்வுக்கு வந்தவர் விளையாட்டாகக் கட்டியதா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சேப்பாக்கத்தில் உள்ள சென்னைப் பல்கலைக்கழக வளாகத்தின் கட்டடக்கலை பற்றியும், அதன் செனட் ஹவுஸை வரைந்த ஆங்கிலேயக் கட்டடக் கலைஞர் ராபர்ட் சிசோம் பற்றியும் தங்கள் இதழில் வந்த நான்கு பக்கக் கட்டுரையைப் படித்தேன். படங்கள் அருமை. ஆனால் மூன்றாம் பக்கத்தில் ஒரு வரி: 'ஊட்டிக்கு ஓய்வுக்குப் போன இடத்தில் சிசோம் விளையாட்டாக ஓரிரு கட்டடங்களும் வரைந்தார்.'

விளையாட்டாக! ஊட்டிக்குப் பக்கத்து லவ்டேல் பள்ளிக் கட்டடத்தையும் ஊட்டியின் நீலகிரி நூலகத்தையும் ஒரு மனிதர் விளையாட்டாக வரைவாரானால், அவர் வேலை என்று உட்கார்ந்தால் என்ன ஆகும் என்று தங்கள் கட்டுரையாளர்தான் சொல்ல வேண்டும்.

தாங்கள் அறியாததல்ல. வங்காளத்தில் பொதுப்பணித் துறையில் இருந்த சிசோம், மாநிலக் கல்லூரிக்கும் செனட் ஹவுஸுக்கும் நடந்த வடிவமைப்புப் போட்டியில் வென்றுதான் சென்னைக்கு வந்தார். கல்லூரி 1870இல் முடிந்தது. செனட் ஹவுஸ் வேலை 1874இல் தொடங்கி 1879 வரை நடந்தது. எங்கள் நீலகிரி நூலகத்தை அவர் வரைந்தது செனட் ஹவுஸுக்கு முன்பு, 1860களின் பிற்பாதியில். அது முழுக்க கோத்திக், அதாவது ஐரோப்பாவின் பழைய தேவாலயப் பாணி; ஜன்னலெல்லாம் கூர்வளைவு. அதே கை, செனட் ஹவுஸுக்காக ஆற்காடு நவாபின் சேப்பாக்கம் அரண்மனைக்குப் பக்கத்தில் போய் நின்றதும் கும்மட்டத்துக்கும் நம் ஊர் வேலைப்பாட்டுக்கும் மாறியது. ஏன் மாறியது என்பதல்லவா கதை? அதை விட்டுவிட்டு, வண்ணக் கண்ணாடிக்கு மட்டும் அரைப் பக்கம்.

என் தகப்பனார் ஊட்டியில் சுண்ணாம்புக் கொத்தனார். பழைய பங்களாச் சுவரை விரல் முட்டியால் இரண்டு தட்டுத் தட்டி, எங்கே சுண்ணாம்பு, எங்கே பிற்பாடு எவனோ அப்பிய சிமெண்டு என்று சொல்லிவிடுவார். சுண்ணாம்பில் சேர்க்கும் கடுக்காய்த் தண்ணீர் ஊறிய கையோடு வீட்டுக்கு வருவார். சோற்றில் கூட அந்தத் துவர்ப்பு இருக்கும் என்பாள் அம்மா. 'சிமெண்டு மூச்சு விடாதுடா, இந்த ஊர் ஈரத்துக்கு உள்ளேயே அழுகிப்போகும்' என்பார். அவர் சொன்னபடிதான் ஆயிற்று. எத்தனை பழைய சுவர்கள் கொப்பளித்து உதிர்கின்றன என்று ஒருநாள் மழைக்காலத்தில் வந்து பாருங்கள். இ-பாஸ் எடுத்துக்கொண்டுதான் வர வேண்டும், அதையும் சொல்லிவிடுகிறேன்.

இன்னொன்று. நான் படித்தது இங்கே அரசு கலைக் கல்லூரியில், வெள்ளைக்காரக் கலெக்டர் ஜான் சல்லிவன் கட்டிய கல் பங்களாவில். 1982இல் கோவையில் பாரதியார் பல்கலைக்கழகம் வரும்வரை எங்களுக்கும் சென்னைப் பல்கலைக்கழகம்தான். பட்டமளிப்பு விழாவுக்குப் போக ரயில் செலவுக்கு வழியில்லை. பட்டம் தபாலில் வந்தது. செனட் ஹவுஸை நான் நேரில் பார்த்தது நாற்பது வயதுக்கு மேல். ஆகவே அந்த வளாகம் சென்னைக்காரர்களுக்கு மட்டும் சொந்தம் என்கிற தொனியில் எழுத வேண்டாம்.

தங்களுக்கு எங்கள் மலை என்றால் மே மாதம் மலர்க் கண்காட்சி, நவம்பரில் மண்சரிவு, நடுவில் வர்க்கி. தோடர் மந்துப் (தோடர் குடியிருப்பு) படத்தின் கீழே 'படுகர் குடில்' என்று அச்சிட்டீர்கள். கடிதம் போட்டேன், பதில் இல்லை. கொடைக்கானல் ஏரிக்கு 'ஊட்டி ஏரி' என்று பெயர் வைத்தீர்கள், அதற்கும் போட்டேன். தங்களுக்கு எவ்வளவோ வேலை இருக்கும்.

இரண்டு வரித் திருத்தம் போட்டால் போதும். முடியாவிட்டால் அதுவும் வேண்டாம். ஆனால் இரண்டு வருடத்துக்கு முன் வாசகர் பகுதிக்கு நான் அனுப்பிய படத்தை மட்டும் தயவுசெய்து தேடித் திருப்பி அனுப்புங்கள். சாரத்தின் மேல் தலைப்பாகையோடு நிற்பவர் என் தகப்பனார். வேறு பிரதி இல்லை. விலாசம் எழுதித் தபால்தலை ஒட்டிய உறை இத்துடன் உள்ளது.

இப்படிக்கு,
பழைய வாசகன்,
உதகமண்டலம்.