கரைக்கு வருவதற்கு முன்னால்

அன்புள்ள தம்பிக்கு, அம்மா எழுதுவது.

இங்கே எல்லோரும் நலம். உன் ஆபீஸ்காரர்கள் எங்கள் பள்ளியில் நடத்தப்போகும் கடல் விழிப்புணர்வு நாளின் திட்டத்தை வாட்ஸ்அப்பில் பார்த்தேன். காலையில் உறுதிமொழி, பிறகு ஆமையைப் பற்றி ஒரு படம், அப்புறம் கையுறை மாட்டிக்கொண்டு கரையில் குப்பை பொறுக்குவது, மதியம் பிரியாணி. போனில் சொன்னால் "சரிம்மா, சரிம்மா" என்று பாதியில் வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் ஆமை. பங்குனி ஆமை முட்டையிட ஏறுவது நாகப்பட்டினம், கோடியக்கரைப் பக்கத்து மணல் கரைகளில். நம் சேதுபாவாசத்திரம் பக்கம் அலையும் பேருக்குத்தான், மணலும் பேருக்குத்தான், இறங்கினால் சேறு. வலையில் மாட்டிய ஆமையை எங்கள் பிள்ளைகள் பார்த்திருப்பார்கள். முட்டையிடும் ஆமை அவர்களுக்கும் டிவியில் வருகிற ஆமைதான். தெரிந்த உயிரிலிருந்து ஆரம்பித்தால்தான் அவர்கள் வாய் திறப்பார்கள்.

சமீபத்தில் ஏழாம் வகுப்பில் உணவுச் சங்கிலி நடத்தினேன். எப்போதும் புல், வெட்டுக்கிளி, தவளைதானே, இந்த முறை நண்டு எடுத்துவா என்று ஒரு பையனிடம் சொன்னேன். எவர்சில்வர் தூக்கில் இரண்டு நீலக்கால் நண்டு கொண்டுவந்தான். மேஜைமேல் மல்லாத்தி வயிற்று மடலைக் காட்டினான். ஆணுக்குக் குறுகிக் கூராக இருந்தது, பெண்ணுக்கு அகன்று அரைவட்டமாக இருந்தது. பெண் நண்டின் மடலுக்கு அடியில் ஆரஞ்சு நிறத்தில் சினை பிதுங்கிக்கொண்டிருந்தது. "இது இப்பத்தான் விட்டிருக்கு டீச்சர். பொரியிற நேரத்துக்குக் கறுத்துப் போயிரும்" என்றான். நான் புத்தகத்தில் படித்து வைத்திருந்ததை அவன் வலை பிரிக்கும்போதே கற்றுக்கொண்டிருக்கிறான்.

ஒரு நண்டு லட்சக்கணக்கில் முட்டை சுமக்கும் என்றேன். பின்னால் நின்ற ஒரு பெண், "அப்ப ஏன் டீச்சர் எங்கப்பாவுக்கு நண்டு குறைஞ்சிக்கிட்டே போகுது?" என்று கேட்டாள். மணி அடிக்கும்வரை அதுதான் பாடம். கறுத்த சினையோடு வருகிற நண்டைத் திரும்ப விடலாமா என்று அவர்களுக்குள்ளேயே சண்டை. விட்டால் அன்றைக்கு எடையில் எவ்வளவு குறையும், வீட்டில் யார் திட்டுவார்கள் என்பதுவரை போனது. முடிவு ஒன்றும் எடுக்கவில்லை. எடுக்கச் சொல்லி நானும் கேட்கவில்லை.

அடுத்தது கடற்பசு, எங்கள் ஊரில் ஆவுளியா. 2022இல் தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடலில் 448 சதுர கிலோமீட்டரைக் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தார்களே, இந்தியாவிலேயே அதுதான் முதல். அதைச் சொன்னதும் ஒரு பையன் எழுந்து, "எங்க தாத்தா தின்னிருக்காராம் டீச்சர், நல்லா இருக்குமாம்" என்றான். வகுப்பே சிரித்தது. உன் ஆபீஸ்காரர் யாராவது அங்கே இருந்திருந்தால் முகம் மாறியிருக்கும். அது மேய்கிற இடம் தாத்தாவுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டுவரச் சொன்னேன். மறுநாள் வந்து சொன்னான்: தாழைக்குள் ஏர் ஓட்டின மாதிரி தடம் கிடக்குமாம். பிறகு பாடம் சுலபமாகிவிட்டது. தாழை என்பது பாசி இல்லை, வேரும் பூவும் உள்ள கடற்புல். வெயில் படுகிற ஆழம்வரைதான் வளரும். ஆவுளியா உயிர்வாழ்வதே அதைத் தின்றுதான். நண்டுக் குஞ்சும் மீன் குஞ்சும் ஒளிந்து வளர்வதும் அதற்குள்தான். நண்டு ஏன் குறைகிறது என்று அந்தப் பெண் கேட்ட கேள்விக்குப் பாதிப் பதில் அங்கே கிடைத்தது.

விசைப்படகு கடலடியில் இழுத்துப்போகும் இழுவை மடி வலை அந்தத் தாழையைக் கிழித்துக்கொண்டு போகும் என்பது உனக்குத் தெரியும். ஆனால் விசைப்படகு வீட்டுப் பிள்ளையும் நாட்டுப்படகு வீட்டுப் பிள்ளையும் எங்கள் வகுப்பில் ஒரே பெஞ்சில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். "உன் அப்பா செய்வது தப்பு" என்று படம் போட்டுக் காட்டிவிட்டு நீங்கள் சென்னைக்கு ரயில் ஏறிவிடுவீர்கள். அந்தப் பிள்ளை டீசல் கடன் இருக்கிற வீட்டுக்குத்தானே போக வேண்டும்? வலையில் சிக்கிய ஆவுளியாவை வலையை அறுத்து விடுவித்தவர்களும் இந்தக் கரையில்தான் இருக்கிறார்கள். வனத்துறை அவர்களை மேடையேற்றிப் பாராட்டியும் இருக்கிறது. அப்படி ஒருவரைப் பேசக் கூப்பிடலாம், நான் ஏற்பாடு செய்கிறேன்.

குப்பை விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் கோபமே உண்டு. கரையில் கிடக்கும் வலைத் துண்டும் கயிறும் எங்களுடையது, மறுக்கவில்லை. அறுந்த நைலான் வலை கடலுக்குள் கிடந்து ஆளில்லாமலே மீனைப் பிடித்துக் கொன்றுகொண்டிருக்கும். அதைக் கரைக்குக் கொண்டுவரச் சொல்லிப் பிள்ளைகளிடம் பேசுவது நியாயம். ஆனால் ஷாம்பு பாக்கெட், மருந்து பாட்டில், தெர்மாகோல் எல்லாம் யாருடையது? ஐப்பசி மழையில் பட்டுக்கோட்டை, பேராவூரணி வாய்க்கால்களில் கிடப்பதும் இங்கேதான் வந்து சேர்கிறது. 2019 முதல் தடை என்கிறார்கள், கேரி பேக் இன்னும் மிதந்து வருகிறது. டவுன் பிள்ளை போட்டதைக் கரைப் பிள்ளை குனிந்து பொறுக்க, நீங்கள் போட்டோ எடுப்பதா? அரை நாள் டவுன் பள்ளி ஒன்றுக்கும் போங்கள். பள்ளிக்குப் பின்னால் ஓடும் சாக்கடை எந்த வாய்க்காலில் விழுகிறது, அது எங்கே போய் முடிகிறது என்று பிள்ளைகளையே வரைபடத்தில் விரல் வைத்துத் தேடச் சொல்லுங்கள்.

அலையாத்தி, அதான் மாங்குரோவ், கன்று நடலாமா என்று கேட்டிருந்தாய். வேண்டாம். ஓதம், அதாவது கடல் தண்ணீர், ஏறி இறங்க வழி இல்லாத இடத்தில் அது பிழைக்காது. முத்துப்பேட்டையில் வனத்துறை முதலில் வாய்க்கால் வெட்டித் தண்ணீர் போக வர வழி செய்துவிட்டுத்தான் நட்டது. பிள்ளைகளை அங்கே படகில் கூட்டிக்கொண்டு போகப் பணம் கிடைக்குமா என்று பார்.

பிரியாணியைப் பிளாஸ்டிக் டப்பாவிலும் தண்ணீரைப் பாட்டிலிலும் கொண்டுவந்து இறக்காதே. தஞ்சாவூர் மாவட்டத்தில் வாழையிலைக்கா பஞ்சம்? தண்ணீருக்குக் குடமும் டம்ளரும் பள்ளியிலேயே இருக்கின்றன.

தேதியைச் சனிக்கிழமையாக வை. அன்று விசைப்படகுகள் கடலுக்குப் போகிற நாள், அதனால் நாட்டுப்படகுக்காரர்கள் கரையில் இருப்பார்கள், நாலு பேராவது பேச வருவார்கள். விசைப்படகு வீட்டாரும் வர வேண்டுமென்றால் ஏப்ரல் 15க்குப் பிறகு, மீன்பிடித் தடைக்காலத்தில்தான் முடியும். அப்போது பரீட்சை வந்துவிடும், அதையும் யோசித்துக்கொள். எதுவாக இருந்தாலும் சீக்கிரம் சொல். தலைமையாசிரியரிடம் முன்கூட்டியே கடிதம் கொடுக்க வேண்டும், உன் ஆபீஸ் லெட்டர்பேடில் ஒன்று அனுப்பு.

அன்புடன்,
அம்மா