ஊருக்குப் போவதும் வெளிநாட்டுப் பயணம்தான்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இதழில் சிங்கப்பூர்க் குடும்பங்களின் பள்ளி விடுமுறைப் பயணங்கள் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். ஜப்பான், சுவிட்சர்லாந்து செல்வோருக்குப் பத்திப் பத்தியாகப் பாதுகாப்புக் குறிப்புகள். கடைசியில் ஒரு வரி: "தமிழ்நாட்டுக்குச் செல்வோருக்கு இத்தனை முன்னேற்பாடு தேவைப்படாது, உறவினர்கள் பார்த்துக்கொள்வார்கள்." படித்ததிலிருந்து மனம் ஆறவில்லை.

விசா எடுத்துத்தானே போகிறோம்? திருச்சியில் இறங்கியதும் சிங்கப்பூரின் சிவப்புக் கடப்பிதழோடு வெளிநாட்டவர் வரிசையில்தானே நிற்கிறோம்? உங்களுக்குத் தெரியாததா இது?

என் மாமியாரை அவருடைய தம்பி வீட்டுக் கல்யாணத்துக்காகப் பட்டுக்கோட்டைப் பக்கம் அழைத்துப் போயிருந்தோம். விடியற்காலையில் அவருக்குப் பேச்சு குழறி, வலது கை விழுந்துவிட்டது. வீடு நிறைய உறவினர்கள். என் மகன் பதறிப்போய், சிங்கப்பூரில் ஆம்புலன்ஸை அழைக்கும் 995ஐ அழுத்திக்கொண்டிருந்தான். அங்கே அதற்கான எண்ணான 108ஐக் கூப்பிடலாமா என்று நான் கேட்டதற்கு, "அது வருவதற்குள் நம்ம காரிலேயே போயிடலாம்" என்றார்கள். முதலில் அவர்களுக்குப் பழக்கமான ஒரு சின்ன மருத்துவமனை. அங்கே ஸ்கேன் இல்லை. அங்கிருந்து இன்னோர் ஊர், கடைசியில் திருச்சி. மூளையில் அடைத்த இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியை, அறிகுறி தொடங்கி நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். அந்த நேரம் முழுவதும் எங்களுக்குச் சாலையிலேயே போயிற்று. உறவினர்களின் அன்பில் ஒரு குறையும் இல்லை. ஸ்கேன் எடுக்கும் இடம் எது, பக்கவாதத்துக்கு எங்கே நேராகப் போக வேண்டும் என்று தெரிந்தவர்தான் அந்தக் கூட்டத்தில் ஒருவரும் இல்லை.

திருச்சி மருத்துவமனையில் முன்பணம் கட்டினால்தான் மேற்கொண்டு சிகிச்சை என்றார்கள். பயணக் காப்புறுதி எடுத்துத்தான் போயிருந்தோம். விற்ற முகவர், "ஊருக்குத்தானே, அடிப்படைத் திட்டமே போதும்" என்று சொல்லித்தான் கொடுத்தார். மாமிக்கு இரத்தக் கொதிப்பு உண்டு என்று அவரிடம் தெளிவாகச் சொல்லியிருந்தேன். பிறகு அந்த நிறுவனம், பயணத்துக்கு முன்பே இருந்த நோய் என்ற காரணத்தைக் காட்டி ஒரு சிங்கப்பூர் வெள்ளிகூடத் தர முடியாது என்று கடிதம் அனுப்பியது. நம் அரசின் மருத்துவக் காப்புறுதியான மெடிஷீல்டு லைஃப் வெளிநாட்டுச் சிகிச்சைக்குச் செல்லாது. சிங்கப்பூர் வெளியுறவு அமைச்சு வழிகாட்டும், குடும்பத்துக்குத் தகவல் சொல்லும், ஆனால் மருத்துவமனைக் கட்டணத்தைக் கட்டாது. இதெல்லாம் மருத்துவமனை வராந்தாவில் நின்றுகொண்டு தெரிந்துகொள்ள வேண்டிய விஷயங்களா, ஐயா? முன்பே உள்ள நோய்களையும் ஏற்கும் காப்புறுதித் திட்டங்கள் தனியாக இருக்கின்றன என்று உங்கள் கட்டுரையாளர் ஒரு வரி எழுதியிருக்கலாம். அதற்கு இடமில்லை, அந்த ஒரு வரிக்கு இடம் இருந்திருக்கிறது.

மாமி இன்று எங்களோடுதான் இருக்கிறார். வலது கை இன்னும் சரியாக வரவில்லை. உங்கள் நாளிதழை இடது கையால் புரட்டித்தான் படிக்கிறார். அந்த வரியை அவரும் படித்தார்.

இந்த எண்ணம் புதிதல்ல. 2004இல் ஆழிப்பேரலை என்றாலே இங்கே தாய்லாந்தின் புக்கெட் பற்றித்தான் பேச்சு. கிறிஸ்துமஸுக்கு மறுநாள் வேளாங்கண்ணிக் கடற்கரையில் மாண்ட யாத்திரிகர்களை மறந்துவிட்டோம். இங்கிருந்து வேளாங்கண்ணிக்குப் போகாத குடும்பமா? 2015 டிசம்பரில் சென்னை விமான நிலையமே வெள்ளத்தில் பல நாள் மூடிக் கிடந்தது. என் நாத்தனார் வேளச்சேரியில் மாடியில் சிக்கியிருந்தார், கைப்பேசியில் மின்சாரம் இல்லை, எங்களால் பேச முடியவில்லை. அப்போதே இதையெல்லாம் எழுதி உங்களுக்கு அனுப்பினேன். வெளிவரவில்லை. இடமில்லாமல் போயிருக்கும் என்று இருந்துவிட்டேன்.

எங்கள் அடுக்குமாடி புளோக்கில் ஒரு பெண் திருச்சிப் பேருந்து நிலையத்தில் கைப்பையோடு கடப்பிதழையும் பறிகொடுத்தார். காவல் நிலையத்தில் புகார், பிறகு சென்னையில் நம் துணைத் தூதரகம். பயண ஆவணம் கிடைத்ததும் கிளம்பிவிடலாம் என்று நினைத்தார். விசா பழைய கடப்பிதழோடு போய்விட்டதால், இந்தியக் குடிநுழைவு அலுவலகத்தின் வெளியேறும் அனுமதி இல்லாமல் விமானம் ஏற முடியாது என்பதை யாரும் அவருக்குச் சொல்லியிருக்கவில்லை. உறவினர்கள் சாப்பாடு போட்டார்கள், பாவம். அவர்களால் வேறென்ன செய்ய முடியும்?

நல்ல செய்தியும் நம்மவர்களைச் சேர்வதில்லை. தமிழ்நாட்டு எல்லைக்குள் சாலை விபத்தில் சிக்கியவர் எந்த நாட்டவரானாலும், திட்டத்தில் சேர்ந்துள்ள மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரம் கட்டணமில்லாச் சிகிச்சை உண்டு. 'இன்னுயிர் காப்போம்' என்ற பெயரில் 2021 டிசம்பரில் தொடங்கியது. நள்ளிரவில் இறங்கி, தூக்கம் கெட்ட ஓட்டுநரோடு நேரே கோயில் கோயிலாக வேனில் சுற்றுகிறவர்கள் நாம். பின்னிருக்கையில் இருப்பவர்கள் இங்கே மறக்காமல் போடும் இருக்கை வாரை அங்கே யார் போடுகிறோம்? இதைத் தமிழில் எங்களுக்குச் சொல்ல உங்களை விட்டால் யார் இருக்கிறார்கள்?

நான் கேட்பது பெரிதல்ல. அந்த வரி தவறு என்று ஒரு திருத்தம் போடுங்கள். ஜூன், டிசம்பர் விடுமுறைக்கு முன்னால் கால் பக்கத்தில் ஒரு கட்டம்: மருத்துவ உதவிக்கு 108, காவல்துறைக்கு 112, வெளியுறவு அமைச்சின் 24 மணி நேர எண் +65 6379 8800, சென்னைத் துணைத் தூதரகத்தின் எண், அமைச்சின் இணையத்தளத்தில் பயணத்தைப் பதிவு செய்யும் முறை. வெட்டிக் கடப்பிதழ் உறைக்குள் வைக்கிற அளவில் இருக்கட்டும். எழுத்து மட்டும் பெரிதாக இருக்க வேண்டும். மாமி வயதினருக்குக் கண்ணாடி போட்டாலும் பொடி எழுத்து தெரிவதில்லை.

இப்படிக்கு,
நீண்டகால வாசகி,
ஈசூன்