மேனி நிறம் ட்யூப்ல வராது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஞாயிறு இணைப்புல ரவிவர்மா பத்தி வந்த கட்டுரை படிச்சேன், நல்லா இருந்துச்சு, ஆனா எந்தப் படம் எத்தனை கோடிக்கு ஏலம் போச்சுன்னு அவ்ளோ எழுதுனவங்க அந்த மேனி எப்படி உயிரோட நிக்குதுன்னு ஒரு வரி எழுதலையே சார். 1868ல திருவிதாங்கூர் அரண்மனைக்கு வந்த தியடோர் ஜென்சன்ங்கற வெள்ளைக்கார ஓவியர் ரவிவர்மாவுக்கு ஆயில் பெயின்டிங்க உக்கார வெச்சு சொல்லிக்குடுக்கல, தான் வரையும்போது பாத்துக்கோன்னு விட்டாரு, இவரு பாத்துப் பாத்தே புடிச்சுக்கிட்டாரு. இன்னிக்கு நம்ம பசங்களுக்கு அப்படிப் பாக்கவாவது வழி இருக்கா?

கடைல போனா ஃப்ளெஷ் டின்ட்னு ரோஸ் கலர்ல ஒரு ட்யூப் எடுத்துக் குடுக்குறாங்க, நம்மூர்ல யாருக்குங்க அந்த நிறம்? யெல்லோ ஓக்கர்ங்கற மண் மஞ்சள், பர்ன்ட் சியன்னாங்கற செம்பழுப்பு, கொஞ்சம் வெள்ளை, நிழலுக்கு அம்பர்ங்கற அடர் பழுப்பு, இதுலயே மாநிறம் அழகா வந்துடும். கன்னத்துல வெளிச்சம் முடிஞ்சு நிழல் ஆரம்பிக்குற இடத்தப் பாருங்க, லேசா பச்சை ஓடுன சாம்பல் ஒண்ணு தெரியும், அத வெச்சா தான் கன்னம் உருண்டு நிக்கும், அங்க கருப்பக் கலந்து இழுத்தா அழுக்குப் படிஞ்ச மாதிரி ஆயிடும். நிழல மெலிசா விடணும், வெளிச்சத்துல தான் கலர் தடிமனா உக்காரணும்.

இன்னொன்னு, அடில டர்பன்டைன் கலந்து மெலிசா போட்டு மேல போகப் போக ஆளிவிதை எண்ணெய்ய கூட்டணும், மாத்திப் போட்டா பின்னாடி வெடிப்பு விட்டுடும். ஆயில் கலர் தண்ணி மாதிரி ஆவியாகிக் காயறது கிடையாது, காத்துல இருக்குற ஆக்ஸிஜன இழுத்து இறுகுது, அதுக்கு நாள் புடிக்கும். வெனிஸ்ல பதினாறாம் நூற்றாண்டு ஓவியர் டிஷியன் அடிப்பூச்சு முடிஞ்ச படத்த சுவத்துப் பக்கம் திருப்பி மாசக்கணக்கா விட்டுடுவாராம், அப்புறம் எடுத்து எதிரியப் பாக்குற மாதிரி பாத்து தப்புத் தேடுவாராம், கடைசில பிரஷ்ஷ விட விரலால தான் அதிகம் தேய்ப்பாருன்னு அதே ஊர் ஓவியர் பால்மா சொல்லிருக்காரு. இங்க போட்டிக்கு நாள் நெருங்கிடுச்சுன்னு கலர் சரியா காயறதுக்குள்ள வார்னிஷ் அடிக்குறாங்க, பாக்கவே வயிறு எரியுது, ஆறு மாசமாவது விடணும் சார் அத.

அதனால ஒரு வேண்டுகோள். மாசம் ஒருக்கா அரைப்பக்கம் ஒதுக்கி, ஆயில்ல உருவம் வரையறவங்கள வெச்சு கேன்வாஸ் தயார் பண்றதுல இருந்து வார்னிஷ் வரைக்கும் படிப்படியா, படத்தோட எழுத வைங்க. எழும்பூர் மியூசியத்துலயே ரவிவர்மா ஓவியங்கள் இருக்கு, அதுல ஒண்ண எடுத்து முகம், கை, துணின்னு கிட்டப் போய் விளக்கினா முதல் இதழுக்கு அதுவே போதும்.

இப்படிக்கு,
ஓவியம் சொல்லித்தரும் வாசகர்,
மதுரை