அந்த ஜன்னல்களைப் பிடுங்காதே, தம்பி

பீட்டர்மாரிட்ஸ்பர்க், தென்னாப்பிரிக்கா
திங்கட்கிழமை இரவு

அன்புள்ள தம்பிக்கு,

நேற்று உன் வீட்டில் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அலுமினிய ஜன்னல்காரர் கொடுத்த விலைப்பட்டியலை எடுத்துக் காட்டினாய். பதினான்கு ஜன்னல்களையும் பெயர்த்து எறிந்துவிட்டுப் புதிதாகப் போட ஒரு தொகை. அதைப் பார்த்ததும் எனக்குப் புரையேறியது. விருந்துக்குப் போன இடத்தில் வழக்குப் பேசக்கூடாது என்று சட்னியைப் புகழ்ந்துவிட்டு வந்துவிட்டேன். இரவெல்லாம் தூக்கம் வரவில்லை. காலையில் தொலைபேசியில் கேட்டதற்கு, "ஊரறியவே எழுதுங்கள் அக்கா" என்றாய். எழுதுகிறேன். இந்த ஊரிலும் டர்பனிலும் பழைய வீடு வாங்கி இதே ஜன்னலோடு மல்லுக்கட்டும் நம்மவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள், அவர்களும் படிக்கட்டும்.

உன் புகார்கள் மூன்று. ஜன்னல் திறக்கவில்லை. பலவந்தமாகத் திறந்தால் நிற்காமல் தடாலென்று விழுகிறது. காற்றடித்தால் இரவெல்லாம் கடகடக்கிறது. மூன்றும் உண்மை. ஆனால் திறக்காததற்குக் காரணம் எவரோ அடித்த பெயின்ட், விழுவதற்குக் காரணம் அறுந்துபோன கயிறு, கடகடப்பதற்குக் காரணம் விரல் பருமனுள்ள ஒரு மரச்சட்டம் நகர்ந்திருப்பது. இந்த மூன்றுக்கும் நீ ஜன்னலுக்கே மரண தண்டனை கொடுக்கிறாய். டாக்டர் நீ, நோயாளி இருமினால் நுரையீரலை மாற்றிவிடுவாயா?

நீ திருநெல்வேலிக்காரன். நமக்கு ஜன்னல் என்றால் கம்பி, கீல், இரண்டு கதவு, கொக்கி. இந்த சாஷ் ஜன்னல் வேறு பிறவி. இரண்டு கண்ணாடிச் சட்டங்கள். மேல் சட்டம் வெளிப்பக்கம், கீழ்ச் சட்டம் உள்பக்கம், இரண்டும் தனித்தனிப் பள்ளத்தில் மேலும் கீழும் ஓடும். இங்கே வந்து ஏழு வருடம், மேல் பாதி நகரும் என்பதே தெரியாமல் நான் குடித்தனம் செய்தேன். அது சுவரோடு சுவராகப் பதித்தது என்று நினைத்திருந்தேன். இந்த ஊரோ குழிக்குள் கிடக்கும் ஊர். டிசம்பர், ஜனவரியில் வீட்டுக்குள் அனல் தேங்கி நிற்கும். மேலே நான்கு விரல், கீழே நான்கு விரல் திறந்துவைத்தால் சூடு மேல் வழியாக வெளியேறும், கீழ் வழியாகக் குளிர்ந்த காற்று வரும். மின்வெட்டு நாட்களில் மின்விசிறி நின்றாலும் இது நிற்காது. நான்கு விரலுக்கு மேல் திறக்காதே. தெருவில் திரியும் வெர்வெட் குரங்குகளுக்கு அதுவே அழைப்பிதழ். என் வீட்டில் ஒரு சீப்பு வாழைப்பழம் அப்படித்தான் போனது.

இவ்வளவு கனமான சட்டம் ஒரு விரலால் தள்ளினால் ஏறுகிறதே, எப்படி? ஊர்க் கிணற்றை நினைத்துக்கொள். கப்பியின் மேல் கயிறு. ஒரு நுனியில் வாளி, மறு நுனியில் வாளியின் எடைக்கு ஒரு கல். இங்கே வாளிக்குப் பதில் கண்ணாடிச் சட்டம், கல்லுக்குப் பதில் வார்ப்பிரும்புக் குண்டு. நிலையின் இரு பக்கமும் கெட்டியான மரம் போலத் தெரிகிறதல்லவா? உள்ளே கூடு. அந்தக் கூட்டுக்குள் குண்டுகள் தொங்குகின்றன. சட்டத்துக்கு இரண்டு, ஒரு ஜன்னலுக்கு நான்கு. மேல் சட்டத்தின் குண்டுகள் சேர்ந்து சட்டத்தைவிடச் சற்றுக் கனமாக இருக்கும், அப்போதுதான் அது மேலேயே நிற்கும். கீழ்ச் சட்டத்தின் குண்டுகள் சற்று லேசு, அப்போதுதான் அது கீழே அமரும். மின்சாரம், ஸ்பிரிங், பிளாஸ்டிக் எதுவும் இல்லாமல் நூறு வருடம் ஓடியிருக்கிறது. உன் விலைப்பட்டியலில் எழுதியிருக்கும் உத்தரவாதம் எத்தனை வருடம் என்று போய்ப் பார்.

எனக்கு இதைக் கற்றுக்கொடுத்தவர், இதே ஊரில் நம்மவர்கள் அதிகம் வாழும் நார்த்டேலில் இருந்த ஒரு தச்சர் தாத்தா. புனித வெள்ளியன்று மாரியம்மன் கோவிலில் தீமிதி முடிந்து சாப்பாட்டு வரிசையில் நிற்கும்போது பழக்கமானார். அப்போதே எண்பதை நெருங்கியிருந்தார். பாட்டனார் வட ஆற்காட்டிலிருந்து கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலியாக வந்தவராம். தாத்தாவின் பேச்சு முழுவதும் ஆங்கிலம். தமிழில் மிச்சமிருந்தவை சாமி பாட்டும் சாப்பாட்டுப் பெயர்களும் தொழில் சொற்கள் சிலவும்தான். 'கயிறு', 'குண்டு' என்று அவர் சொல்லும்போது அவருடைய அப்பாவின் குரல் கேட்பது போலிருக்கும். என் வீட்டு வாசலில் வந்து நின்றவர் உள்ளே வரத் தயங்கினார். "இந்தத் தெருவில் எத்தனையோ வீட்டுக்குக் கயிறு மாற்றியிருக்கிறேன். ஒரு வீட்டிலும் முன்வாசல் வழியாகப் போனதில்லை" என்றார். எந்த இனத்தவர் எந்தப் பகுதியில் குடியிருக்கலாம் என்று பிரித்துவைத்து 1950-இல் வந்த குழு வாழிடச் சட்டம் 1991-இல் நீக்கப்படும்வரை இந்தத் தெருவில் அவர் வேலை செய்யலாம், குடியிருக்க முடியாது. அன்று முன்வாசல் வழியாகத்தான் வந்தார். காபி குடித்தார். பிறகு என் கையில் உளியைக் கொடுத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். கடைசி வரை எழுந்திருக்கவில்லை.

அவர் சொன்ன முதல் வாக்கியம்: "இது பிரித்துப் பூட்டுவதற்கென்றே செய்தது." இது மட்டும் மண்டையில் ஏறினால் பயம் போய்விடும்.

முதலில் திருடர் கம்பி. ஜன்னலின் உள்பக்கம் திருகி வைத்திருக்கிறார்கள். அதைக் கழற்றாமல் சட்டம் வெளியே வராது. ஆகவே ஒரு நாளைக்கு ஒரு ஜன்னல் மட்டும் தொடு, இருட்டுவதற்குள் கம்பியைத் திரும்பப் பூட்டிவிடு. அடுத்து உள்பக்க பீடிங், அதாவது கண்ணாடிச் சட்டம் உள்ளே சாயாமல் பிடித்திருக்கும், மேலே சொன்ன அந்த விரல் பருமன் மரச்சட்டம். நிலைக்கும் அதற்கும் இடையே பெயின்ட் ஓடியிருக்கும். கூரான கத்தியால் கோடு கிழி. பிறகு அகலமான தகட்டுக் கரண்டியை நடுவில் செருகி நெம்பு. நடுவில்தான் தொடங்க வேண்டும். வில் போல வளைந்து வரும்போது இரு முனைகளும் தானாக விடுபடும். முனையில் நெம்பினால் முறியும். நான் முதலில் முனையில்தான் நெம்பினேன். தாத்தா ஒன்றும் சொல்லவில்லை, காபியை ஒரு வாய் குடித்தார்.

பீடிங் போனதும் கீழ்ச் சட்டத்தை உன் பக்கம் சாய்த்து எடு. கயிறு அறாமல் இருக்கும் பக்கத்தில் அப்படியே அறுத்துவிடாதே. குண்டு கூட்டுக்குள் திடுமென விழுந்து அடிப்பலகையை உடைக்கும். கயிற்றைப் பிடித்துக்கொண்டு அறுத்து, மெல்ல இறக்கு. இரண்டு சட்டங்களுக்கும் நடுவே பள்ளத்தில் ஒல்லியான ரீப்பர் ஒன்று பதிந்திருக்கும். அது உடையும். கவலைப்படாதே, எல்லோருக்கும் உடையும். மர டிப்போவில் அதே அளவில் அறுத்து வாங்கலாம். அதை எடுத்தால் மேல் சட்டமும் கைக்கு வந்துவிடும்.

இனிதான் சுவையான இடம். நிலையின் கீழ்ப்பகுதியில், பெயின்டுக்கு அடியில் முழங்கை நீளத்துக்கு ஒரு மூடி ஒளிந்திருக்கும். தட்டிப்பார், சத்தம் மாறும். கத்தியால் கீறி மெல்லப் பெயர்த்தால் கூடு திறக்கும். என் வீட்டில் இரு பக்கக் கூடுகளிலும் சேர்த்து இருந்தவை: நான்கு குண்டுகள், காய்ந்த குளவிக் கூடு, ஒரு சிகரெட் அட்டை. சட்டத்தின் விளிம்பிலும் நிலையிலும் உளியால் VII என்று ரோமன் எண் கொத்தியிருந்தது. எந்தச் சட்டம் எந்த நிலைக்கு என்று தச்சன் போட்ட அடையாளம். அதைப் பார்த்த பிறகு ஒன்றைக் கூடக் கலந்துவிட மனம் வரவில்லை.

கயிறு: இதற்கென்றே விற்கும் பின்னல் பருத்திக் கயிறு வாங்கு. கொடிக்கயிறு, நைலான் கயிறு வேண்டாம், இழுபடும், வழுக்கும். கப்பிக்கு மேல் கயிற்றை எப்படிக் கோப்பது? ஆங்கிலேயத் தச்சர்கள் இதற்கு ஒரு சின்ன ஈயத்துண்டை மெல்லிய நூலில் கட்டி விடுவார்கள். அதற்குப் பெயர் 'எலி'. எலி கப்பி வழியாகப் போய்க் கூட்டுக்குள் விழும். மூடி வழியாக அதைப் பிடித்து இழுத்தால் பின்னால் கயிறு வரும். தூண்டில் ஈயக்குண்டு போதும். கயிற்றின் நீளத்தில்தான் எல்லோரும் சறுக்குவார்கள். சட்டம் முழுக்க மேலே இருக்கும்போது குண்டு அடிப்பலகையைத் தொடக்கூடாது, இரண்டு அங்குலம் மேலே தொங்க வேண்டும். புதுக்கயிறு நாளடைவில் நீளும். அதற்கும் இந்த இடைவெளி வேண்டும். சட்டத்தின் பக்கவாட்டுப் பள்ளத்தில் கயிற்றைக் குட்டை ஆணிகளால் அடி. நீள ஆணி அடித்தால் கண்ணாடியில் போய் முட்டும். எனக்கு முட்டியது.

பூட்டும்போது மேல் சட்டம் முதலில். ஓடும் பள்ளத்தில் எண்ணெய் விடாதே, தூசி சேரும். பூஜை அறையிலிருந்து ஒரு மெழுகுவர்த்தியை எடுத்துத் தேய். கயிற்றுக்கும் கப்பிக்கும் எந்த ஜென்மத்திலும் பெயின்ட் அடிக்காதே. பீடிங்கைத் திரும்ப ஆணியடிக்கும்போது சட்டத்துக்கும் அதற்கும் இடையே ஒரு விசிட்டிங் கார்டு நுழையும் இடம் விடு. அதற்கு மேல் விட்டால் ஆகஸ்டில் மலைப்பக்கமிருந்து பெர்க் காற்று என்கிற சூடான காற்று அடிக்கும்போது பழைய கடகடப்பு திரும்பும். இரண்டு சட்டமும் சந்திக்கும் இடத்தில் இருக்கும் கொக்கியைப் பூட்டுக்கு மட்டும் என்று நினைக்காதே. அது இரண்டையும் நெருக்கி இழுத்துப் பிடிக்கிறது. உன் வீட்டில் எட்டு ஜன்னலுக்குக் கொக்கியே இல்லை, நான் எண்ணினேன்.

இப்போது கண்டிப்பாக ஒன்று சொல்ல வேண்டும். உன் குழந்தை தவழ்கிறாள், கிடைத்ததை வாயில் வைக்கிறாள். உன் வீட்டைப் போன்ற பழைய வீட்டில் அடிப்பூச்சு ஈயப் பெயின்டாகத்தான் இருக்கும் என்று வைத்துக்கொண்டே வேலை செய். இந்த நாட்டில் பெயின்டில் ஈயத்துக்குச் சட்டப்படி வரம்பு வந்ததே 2009-இல்தான். உலர்ந்த உப்புத்தாளால் தேய்க்காதே, நெருப்பால் பொசுக்காதே. தண்ணீர் தெளித்து ஈரமாக வைத்துத் தேய், முகக்கவசம் போடு, தரையில் பிளாஸ்டிக் விரி, துகளை ஈரத்துணியால் துடைத்துக் கட்டி எறி. அன்று மனைவியும் குழந்தையும் என் வீட்டில் இருக்கட்டும். சொல்லப்போனால் பெயின்ட் முழுவதையும் சுரண்டவே வேண்டியதில்லை. உரியும் இடத்தை மட்டும் கவனி.

கண்ணாடி ஓரத்து மக்கு, அதாவது புட்டி, வெடித்திருந்தால் அதை எடுத்துவிட்டு, மரத்துக்கு பிரைமர் பூசி, ஆளிவிதை எண்ணெய் மக்கு வை. இரண்டு வாரம் ஆடை கட்டிய பிறகே பெயின்ட். பெயின்ட் கண்ணாடி மேல் இரண்டு மில்லிமீட்டர் ஏறட்டும், அதுதான் மழைநீரைத் தடுக்கும். கூடத்து ஜன்னலில் கண்ணாடி அலையலையாகத் தெரிகிறதே, தெருவில் போகிறவர் நெளிந்து நெளிந்து போவது போல, அதை மட்டும் உடைத்துவிடாதே. கண்ணாடி காலப்போக்கில் வழிந்துவிட்டது என்று யாராவது கதை விடுவார்கள். செய்யும்போதே அப்படி வந்தது. 1950-களில் மிதவைக் கண்ணாடி முறை வருவதற்கு முந்தையது. புதுக்கண்ணாடி அதைவிடத் தடிமன். போட்டால் சட்டம் கனக்கும், குண்டின் கணக்கும் மாறும்.

மரத்தைப் பற்றி அலுமினியக்காரர் "எல்லாம் மட்கிவிட்டது" என்றாராம். ஸ்குரூ டிரைவரால் நானே குத்திப் பார்த்தேன், நீ காபி போடப் போயிருந்தாய். பதினான்கில் இரண்டின் அடிக்கட்டை மட்டும் மெத்தென்று இருக்கிறது, அதுவும் ஓரத்தில். மட்கியதை வெட்டி எடுத்து நல்ல மரத்தில் ஒட்டுப்போட்டால் போதும். மற்றதெல்லாம் நெருங்கிய ரேகையுள்ள பழைய மரம். ஊருக்குப் போனால் காரைக்குடியில் பர்மா தேக்குத் தூணைத் தடவித் தடவிப் படம் எடுக்கிறோம்; இங்கே அதே வயது மரத்தைக் குப்பை வண்டியில் ஏற்றுகிறோம்.

அரசாங்கச் சட்டமும் ஒன்று இருக்கிறது. 1999-ஆம் ஆண்டு தேசிய மரபுவளச் சட்டத்தின் 34-ஆம் பிரிவுப்படி, 60 வயது தாண்டிய கட்டடத்தையோ அதன் ஒரு பகுதியையோ மாகாண மரபு அமைப்பின் அனுமதியின்றி மாற்றக்கூடாது. நம் குவாசுலு-நட்டாலில் அது அமாஃபா. உன் வீடு எப்போதோ சஷ்டியப்தபூர்த்தி முடித்துவிட்டது. அலுமினியக்காரர் இதைப் பற்றி வாயே திறக்கவில்லை, கவனித்தாயா?

தாத்தா போன வருடத்துக்கு முந்தைய வருடம் காலமானார். அவருடைய தகட்டுக் கரண்டி என்னிடம்தான் இருக்கிறது. மழை அக்டோபரில் திரும்பும். ஜூன், ஜூலை உலர்ந்த மாதங்கள், மரம் சுருங்கி இருக்கும், வேலைக்கு ஏற்ற காலம். சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு வருகிறேன். சமையலறை ஜன்னலில் தொடங்குவோம், அதுதான் சின்னது. பழைய சட்டை போட்டுக்கொள். வரும் வழியில் தூண்டில் கடை திறந்திருக்காது, அதனால் ஈயக்குண்டை வெள்ளிக்கிழமையே வாங்கி வைத்துவிடு.

அன்புடன்,
அக்கா